தாய்மாமன் சீராக ஒரு பிழியும் மெஷின்

என் அக்கா மகளின் கல்யாணத்தை நான்தான் நிறுத்திவிட்டேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்க நம்பிக்கொண்டிருந்தேன். சும்மா நம்பவில்லை, வேலை மெனக்கெட்டு நம்பினேன். டொரொண்டோ விமானத்தை முன்னதாக மாற்ற முடியுமா என்று போனில் தேடிப் பார்த்தேன். அக்கா என்னை எதை எடுத்து வெட்டுவாள் என்று அறிந்துகொள்ள சமையலறையை எட்டிப் பார்த்தேன். அரிவாள்மணை வழக்கமான இடத்தில் இல்லை. பின்னாலேயே வந்த என் மனைவி விமலா, "உங்களுக்கு அரிவாள்மணை எல்லாம் பத்தாது. மைன்ஸ்ல மண்ணு வெட்டுற அந்தப் பெரிய சக்கர மெஷினத்தான் வரவழைப்பாங்க" என்று ஆறுதல் சொன்னாள். இத்தனைக்கும் காரணம் ஒரு வாஷிங் மெஷின். என்னைவிட வயதில் மூத்தது. ஒன்டாரியோவிலிருந்து நெய்வேலிக்கு அதைக் கப்பலேற்றி அனுப்பிய புத்திசாலி நான்.

இதை எழுதுவது நெய்வேலி டவுன்ஷிப்பில், அக்கா வீட்டுக் குவார்ட்டர்ஸின் பின்பக்கம், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு. கல்யாணம் முடிந்த களைப்பில் வீடே கவிழ்ந்து படுத்திருக்கிறது. கல்யாணம் நடந்ததா என்ற கேள்விக்கு இதிலேயே பதில் வந்துவிட்டது. வந்தால் வரட்டும். நான் பட்ட பாட்டைப் படித்து நீங்கள் நிம்மதியாக உட்கார்ந்து சிரிக்கலாம்.

கதையைத் துணி காயப்போடுவதிலிருந்து தொடங்க வேண்டும். கனடா போன புதிதில் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. இந்த ஊர்க்காரர்கள் துணியே துவைப்பதில்லையோ? தெருத்தெருவாக நடந்தாலும் ஒரு கொடியில்லை, கொடியில் ஒரு ஜட்டியில்லை. நெய்வேலியில் எந்த பிளாக்குக்குள் போனாலும் கொடியைப் பார்த்தே குடும்ப நிலவரத்தைச் சொல்லிவிடலாம். காக்கிச் சட்டை தொங்கினால் அப்பா ஷிப்ட் முடிந்து வந்துவிட்டார், சின்னச் சின்ன வெள்ளைத் துண்டாகத் தொங்கினால் குழந்தை பிறந்திருக்கிறது, கெட்டிச் சமுக்காளமாகத் தொங்கினால் விருந்தாளி ஒரு வழியாக ஊருக்குப் போய்விட்டார். கனடாவில் எல்லாம் வீட்டுக்கு அடியில், நிலவறையில், பெட்டிக்குள் நடந்துவிடுகிறது. ஒரு குடும்பத்தைப் பற்றி எதையும் தெரிந்துகொள்ள வழியே கிடையாது. ஸ்கார்பரோவிலும் பிராம்ப்டனிலும் இதைப் படிக்கும் நண்பர்களுக்கு இந்த வயிற்றெரிச்சல் புரியும்.

வேலை மாற்றலாகி டொரொண்டோவுக்கு மேற்கே ஒரு சிற்றூருக்குப் போனபோதுதான் கொடியைக் கண்டேன். அது ஒரு திங்கட்கிழமை. சோளக்காட்டுக்கு நடுவே போகும் சாலையில் ஒவ்வொரு பண்ணை வீட்டிலும் துணி பறந்துகொண்டிருந்தது. சும்மா பறக்கவில்லை. வீட்டு வாசலில் தொடங்கி மாட்டுக்கொட்டகை உச்சிவரை கம்பி ஏறிப்போகிறது, இரண்டு முனையிலும் கப்பி. கீழே நின்று ஒரு சட்டையை மாட்டிக் கயிற்றை இழுத்தால் சட்டை மேலே போகிறது, அடுத்த இடம் கைக்கு வருகிறது. நான் காரை ஓரமாக நிறுத்திவிட்டு வாயைப் பிளந்து பார்த்தேன். இதை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேனே! நெய்வேலி மைன்ஸில் நிலக்கரி போகும் கன்வேயர் பெல்ட். அதே ஓட்டம், அதே உருளை. கரிக்குப் பதிலாகக் கால்சட்டைகள். அந்தப் பண்ணைக்காரர்கள் மெனொனைட் என்னும் கிறிஸ்தவப் பிரிவினர், காரும் கரண்டும் வேண்டாம் என்று குதிரை வண்டியில் போகிறவர்கள், திங்கட்கிழமையானால் ஊரோடு துவைக்கிறவர்கள் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது.

வண்டி நின்றதைப் பார்த்துப் பண்ணைக்காரப் பெண்மணி வந்தார். பெயர் எஸ்தர். என்ன வேண்டும் என்றார். "துணி பார்க்க வந்தேன்" என்றேன். அவர் அதைப் பெரிய குற்றமாக எடுத்துக்கொள்ளாமல் துவைக்கும் கொட்டகைக்குள் கூட்டிக்கொண்டு போனார். அங்கேதான் அது நின்றது. நாலு கால், தொந்தி வைத்த வெள்ளைத் தொட்டி, உள்ளே துணியைப் புரட்டும் துடுப்பு, தொட்டிக்கு மேலே கழுத்தைத் திருப்பும் ஒரு தலை, தலையில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ரப்பர் ரோலர். பெட்ரோல் எஞ்சின் ஒன்று டுக்டுக்கென்று அதை ஓட்டிக்கொண்டிருந்தது. எஸ்தர் தண்ணீர் சொட்டும் படுக்கைவிரிப்பின் நுனியை எடுத்து ரோலர்களுக்கு நடுவே கொடுத்தார். தண்ணீரெல்லாம் தொட்டிக்கே திரும்பி விழ, விரிப்பு மட்டும் அந்தப் பக்கம் அப்பளம் மாதிரி சப்பையாக வந்தது.

இன்னொன்றைப் பிழிந்து காட்டுங்கள் என்று கெஞ்சினேன். ஏனென்று சொன்னால் சிரிப்பீர்கள். சின்ன வயதில், இது அப்பாவின் குவார்ட்டர்ஸாக இருந்த காலத்தில், இதே பின்பக்கத்தில், இதே கல்லுக்குப் பக்கத்தில், ஈரச் சமுக்காளத்தைப் பிழிவது எனக்கும் அக்காவுக்கும் கொடுக்கப்பட்ட வேலை. அவள் ஒரு முனை, நான் ஒரு முனை. அவள் வலப்பக்கம் முறுக்க நான் இடப்பக்கம் முறுக்க, நடுவில் அருவி மாதிரித் தண்ணீர் கொட்டும். முறுக்கு உச்சத்துக்கு வந்து அக்கா முழு பலத்தையும் கொடுத்து இழுக்கும் அந்த விநாடியில் நான் கையை விட்டுவிடுவேன். அவள் பின்னால் போய்ச் சேற்றில் உட்காருவாள். ஒவ்வொரு வாரமும் விடமாட்டேன் என்று சத்தியம் செய்வேன், ஒவ்வொரு வாரமும் நம்புவாள். தெர்மல் கரண்டு ஆலைப் பக்கமிருந்து காற்றடித்துக் கொடித்துணியில் தூசி படிந்தால் மறுபடியும் துவைக்க வேண்டும் என்று அம்மா கத்துவாள். எனக்கு அது போனஸ். இன்னொரு தடவை விடலாமே.

கனடாவில் முதல் வருஷம் தனியாக ஒரு நிலவறை அறையில் இருந்தேன். குளியல் தொட்டியில் போர்வையைத் துவைத்தேன். பிழிய வேண்டுமென்று ஒரு முனையை எடுத்த பிறகுதான் மறுமுனையைப் பிடிக்க ஆளில்லை என்று தெரிந்தது. கதவுக் குமிழியில் கட்டி முறுக்கினேன். குமிழி கையோடு வந்துவிட்டது. வீட்டுக்காரரிடம் எப்படி உடைந்தது என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். அவர் கடைசிவரை என்னைக் கதவிலிருந்து கொஞ்சம் தள்ளி நிறுத்தியே பேசினார். ஆக, எஸ்தரின் மெஷினைப் பார்த்தபோது எனக்கு அது வாஷிங் மெஷினாகவே தெரியவில்லை. மறுமுனையைப் பிடிக்கும் ஆளாகத் தெரிந்தது. கையை விடாத ஆள்.

அந்தப் பரவசத்தில்தான் ஒரு ஜோக் அடித்தேன். "பொட்டலம் கட்டுங்கள், எடுத்துக்கொண்டு போகிறேன்" என்றேன். நெய்வேலியில் இதைச் சொல்லியிருந்தால் "மஞ்சப் பை கொண்டாந்தியா?" என்று பதில் வந்திருக்கும், அதோடு முடிந்திருக்கும். எஸ்தர் சிரிக்கவில்லை. யோசித்தார். "இது எனக்கு வேண்டும். ஆனால் இன்னொன்று இருக்கிறது" என்று சொல்லி என் விலாசத்தைக் கேட்டு எழுதிக்கொண்டார். அடுத்த சனிக்கிழமை காலை என் வீட்டு வாசலில் குதிரை கனைத்தது. வண்டியில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் ஒரு மெஷின். அவர்கள் பண்ணையை வாங்கியபோது முந்தைய குடும்பம் விட்டுப்போனது, கரண்டில் ஓடுவது, கரண்டில்லாத வீட்டில் காலங்காலமாகச் சும்மா நின்றது. "நீங்கள் கேட்டீர்களே" என்றார் எஸ்தரின் கணவர். பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் ஜன்னலில். விமலா வாசற்படியில். "என்ன கேட்டீங்க? எப்பக் கேட்டீங்க? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?" என்று அவள் மூன்று கேள்வி கேட்டாள். நான் குதிரையைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அப்படித்தான் நான் சேகரிப்பாளன் ஆனேன். அந்த மெஷினின் ரோலர்கள் பல்லைக் கடித்த வாக்கில் இறுக்கியே வைக்கப்பட்டிருந்ததால் ரப்பர் கல்லாகி ஒரு பக்கம் தட்டையாகிவிட்டிருந்தது. துணி சுற்றிய பழைய ஒயரை எலி தின்றிருந்தது. துடுப்பு தண்டோடு ஒட்டிப்போய் வெந்நீரை ஊற்றி ஊற்றி ஒரு நாள் முழுக்கக் கெஞ்சிய பிறகுதான் கழன்றது. கியர்ப் பெட்டி எண்ணெய் மாற்றி, ரோலருக்குப் புது ரப்பர் போட்டு, முதல்முதலாக என் ஆபீஸ் சட்டையை விட்டேன். பட்டன்கள் தோட்டா மாதிரி ஒவ்வொன்றாகத் தெறித்தன. பட்டனை உள்பக்கமாக மடித்துக் கொடுக்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்குள் என்னிடம் பட்டன் உள்ள சட்டையே இல்லாமல் போயிற்று. ஆனாலும் அது ஓடியபோது, வெள்ளைத் துணி முதலில், கலர்த்துணி அடுத்து, அழுக்கு கால்சட்டை கடைசியில் என்று ஒரே தண்ணீரில் வரிசையாகத் துவைத்துப் பிழிந்து தோட்டத்தில் காயப்போட்டபோது, பத்து வயது குறைந்துவிட்டது. அப்புறம் ஒன்று வந்தது, இன்னொன்று வந்தது. கடைசியில் நாலு ஆயிற்று. நெய்வேலிக்காரன் அல்லவா, ஷிப்ட் பெயர்தான் வைத்தேன். எஸ்தர் கொடுத்தது ஃபர்ஸ்ட் ஷிப்ட். மற்றவை செகண்ட் ஷிப்ட், நைட் ஷிப்ட். பார்க்க லட்சணமாக இருந்துகொண்டு வேலையே செய்யாத நாலாவதற்கு ஜெனரல் ஷிப்ட். விமலா மட்டும் நாலையும் சேர்த்து "உங்க சம்சாரங்க" என்பாள்.

போன வருஷம் அக்கா மகள் ஜாஸ்மினுக்கு மாப்பிள்ளை அமைந்தது. பண்ருட்டிப் பையன், வீட்டில் பலாப்பழ மண்டி. நான் தாய்மாமன். வெளிநாட்டு மாமன் வேறு. சீர்வரிசை பெரிதாக இருக்கும் என்று ஊரே எதிர்பார்க்கும். வீடியோ காலில் அவளிடம் என்ன வேண்டும் என்று கேட்டேன், கையோடு என் கராஜையும் சுற்றிக் காட்டினேன். ஜாஸ்மின் கண்ணை அகலமாக்கிக்கொண்டு சொன்னாள்: "மாமா, செமயா இருக்கு மாமா! எனக்குச் சீருன்னா இதத்தான் செய்யணும், சொல்லிட்டேன். ஃபிரிட்ஜ், பீரோ எதுவும் வேணாம். இது வந்தாத்தான் நான் கோயில் படியே ஏறுவேன்." பின்னாலிருந்து அக்கா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. தம்பியின் கைவேலையைப் பார்த்து நெகிழ்ந்து அழுகிறாள் என்று நினைத்தேன். அன்றைக்கே ஃபர்ஸ்ட் ஷிப்டைத் தேய்த்துப் பளபளப்பாக்கத் தொடங்கிவிட்டேன். ரோலருக்கு மேலே ஒரு பட்டை இருக்கும். கையோ முடியோ உள்ளே மாட்டினால் அதை ஒரு அடி அடித்தால் போதும், இரண்டு ரோலரும் வாயைத் திறந்துவிடும். அதற்கு மட்டும் மூன்று பூச்சு சிவப்பு அடித்தேன். பாதுகாப்பு முக்கியம் பாருங்கள்.

மரப்பெட்டி நெய்வேலிக்கு வந்துசேர்ந்து, நாங்களும் வந்துசேர்ந்து, வாசலில் வைத்துக் கடப்பாரையால் நெம்பித் திறந்தோம். அக்கா பெட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தாள்.

"அமலு, என்னடா இது?"

"சீருக்கா."

"அது சரி. மெஷின் எங்க?"

அக்கா வீட்டுக்காரர் சவரி மச்சான் மைன்ஸில் கன்வேயர் ஆபரேட்டர், ரிட்டையராக இன்னும் கொஞ்ச மாதம்தான். அவர் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவர் மாதிரி பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். "ரோலரெல்லாம் நல்லாத்தான் இருக்கு மச்சான். நெலக்கரி எந்தப் பக்கம் கொட்டணும்?" ஜாஸ்மின் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். "ஐயோ மாமா... நான் சும்மா கலாய்ச்சேன் மாமா! நெஜமாவே கொண்டாந்துட்டீங்களா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அக்கா மூக்கை உறிஞ்சியது அழுகை இல்லை, சிரிப்பு. ஒரு காலத்தில் இந்த பிளாக்கில் நக்கலுக்கு என்னை அடிக்க ஆளில்லை. கனடாவில் நான் ஜோக்கடித்தால் குதிரை வண்டியில் நிஜமாகவே கொண்டுவந்து இறக்குகிறார்கள். அப்படி இருபது வருஷம் இருந்து இருந்து, ஊரில் ஜோக்கடித்தால் நான் கப்பலில் கொண்டுவந்து இறக்கும் நிலைக்கு வந்துவிட்டேன். ஆனால் ஜாஸ்மின் தங்கமான பெண். என் முகத்தைப் பார்த்தாளோ என்னவோ, "வந்ததுதான் வந்துடுச்சு. நிச்சயத்தன்னிக்கு எல்லாரும் பாக்கற மாதிரி நடுவுல வைங்க. எங்க மாமன் செஞ்ச சீரு, எவன் என்ன சொல்லுவான்?" என்றாள். அக்கா மட்டும் மெதுவாகச் சொன்னாள்: "அந்த அம்மா எப்படி எடுத்துக்குமோ." அந்த அம்மா என்றால் மாப்பிள்ளையின் தாயார், பிலோமினா அம்மா. மண்டியை நடத்துவதே அவர்தான். அவர் சிரித்து எங்கள் வீட்டில் யாரும் பார்த்ததில்லை. தட்டில் கல்கண்டு குறைவு என்று ஒரு சம்பந்தத்தையே வேண்டாமென்று எழுந்து வந்தவர் என்று பேச்சு. மகளின் வாழ்க்கை இப்போது அந்த அம்மாவின் புருவத்தில் தொங்குகிறது என்று அக்கா பயந்தாள். அவள் பயந்ததைப் பார்த்து நான் அவளைவிட இரண்டு பங்கு பயந்தேன்.

அடுத்த சிக்கல் கரண்டு. ஊர் ஊராகக் கரண்டு அனுப்பும் நெய்வேலியில் என் மெஷினுக்கு ஏற்ற கரண்டு இல்லை. அங்கே அது நூற்றுப் பத்து வோல்ட் குடித்து வளர்ந்த பிள்ளை, இங்கே இருநூற்று முப்பது. வோல்ட்டைக் குறைக்க அரிசி மூட்டை கனத்தில் ஒரு டிரான்ஸ்பார்மர் வாங்கினேன். ஆனால் அங்கே கரண்டு விநாடிக்கு அறுபது தடவை ஆடும், இங்கே ஐம்பது தடவை. அதை மாற்ற என்னால் ஆகாது. ஓட்டிப் பார்த்தோம். ஓடியது. கொஞ்சம் மெதுவாக, கொஞ்சம் சூடாக. "வெளிநாட்டுல இருந்து வந்த ஒடனே எல்லாருக்கும் அப்படித்தான்" என்றாள் விமலா.

நிச்சயதார்த்தம் ஞாயிற்றுக்கிழமை. குவார்ட்டர்ஸ் வாசலில் ஷாமியானா, முருங்கை மரத்திலும் கேட்டிலும் இழுத்துக் கட்டிய கயிறு. பங்குச் சாமியார் வந்து மோதிரத்தை மந்திரித்து, மாற்றவைத்து, ஒரு காபியோடு விடைபெற்றார். மச்சானின் செக்‌ஷன் ஆட்கள், கன்வேயர்க்காரர்கள், ஒரு பெஞ்சு முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பல கிலோமீட்டர் நீளம். அதன் ஓரமாகவே, ஆள் கைக்கு எட்டும் உயரத்தில், ஒரு கயிறு கூடவே ஓடும். புல் கார்டு. எங்கே யாருக்கு ஆபத்து என்றாலும், பார்த்தவன் பக்கத்தில் இருக்கும் கயிற்றை இழுத்தால் மொத்த பெல்ட்டும் நிற்கும். "புல் கார்டு" என்று சத்தம் கேட்டால் ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது, முதலில் இழுக்க வேண்டும். எங்கள் அப்பாவும் அதே செக்‌ஷன்தான். நான் நடை பழகும்போதே அந்தச் சொல் காதில் விழுந்தாயிற்று.

"கனடா, ஒரு கிளாஸ் கரும்பு ஜூஸ் போடுங்க, இஞ்சி தூக்கலா!" என்று பெஞ்சிலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். நான் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு டெமோ ஆரம்பித்தேன். துண்டை நனைத்தேன், ரோலரில் கொடுத்தேன், அப்பளமாக வந்தது. கைத்தட்டல். இன்னொரு துண்டு. பிலோமினா அம்மா நாற்காலியிலிருந்து எழுந்துவந்தார். பட்டுப்புடவை, இடுப்பில் சாவிக்கொத்து. மெஷினை மேலும் கீழும் பார்த்தார். "தள்ளுங்க" என்று என்னை நகர்த்திவிட்டு, தானே ஒரு ஈரத்துண்டை எடுத்துக் கொடுத்தார். துண்டு போயிற்று. துண்டோடு அவருடைய முந்தானையும் போயிற்று.

மூன்று பூச்சு சிவப்பு அடித்த அந்தப் பட்டை என் மூக்குக்கு நேரே இருந்தது. எத்தனை மாலை நேரங்களை அதைத் தேய்ப்பதில் செலவழித்தேன்! ஆனால் அந்த விநாடியில் என் மண்டைக்குள் கனடா முழுதாக அழிந்துபோய், அப்பாவின் குரல் மட்டும்தான் இருந்தது. கத்தினேன்: "புல் கார்டு! புல் கார்ட இழுங்க!"

பெஞ்சு மொத்தமாக எழுந்தது. ஆளுக்கொரு கயிற்றைப் பாய்ந்து பிடித்து இழுத்தார்கள். முருங்கை மரத்துக் கயிறு, கேட்டுக் கயிறு, மூலைக் கம்பத்துக் கயிறு, எல்லாம். ஒருவர் ஜன்னல் திரையைக்கூட இழுத்தார். ஷாமியானா ஒரு பெருமூச்சு விட்டு எல்லார் தலையிலும் இறங்கியது.

உள்ளே கொஞ்ச நேரம் ஒரே இருட்டு, சாம்பார் வாசனை, குழந்தைகளின் குதூகலம். பிறகு குரல்கள்.

"எவன்யா இழுத்தது?"

"நான் இழுத்தேன்."

"யோவ், நானும் இழுத்தேன்."

"நின்னுடுச்சா? வுடலாமா?"

"யாரும் கயித்த வுடாதீங்க! கிளியரன்ஸ் குடுக்காம வுடக் கூடாது!" இது சவரி மச்சான், வடைத் தட்டுக்குப் பக்கத்திலிருந்து.

துணியை விலக்கிக்கொண்டு நான் வெளியே தலையை நீட்டியபோது பிலோமினா அம்மா ஏற்கெனவே வெளியே நின்றார். முந்தானை கையில், மடித்துத் தேய்த்த மாதிரி தட்டையாக. மெஷினின் ரோலர்கள் வாயைத் திறந்துகொண்டு சும்மா சுற்றிக்கொண்டிருந்தன. அவர் போன் அடித்தது. கேட்டார். முகம் இறுகியது. மகனையும் உறவுக்காரர்களையும் பார்த்து, "கெளம்புங்க" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, என் வாழ்நாளில் மறக்க முடியாத அந்த வாக்கியத்தைச் சொன்னார்:

"இந்த மெஷின மொதல்ல பண்ருட்டிக்கு அனுப்பி வைங்க. பொண்ணு மெதுவா வரட்டும்."

வேன் போய்விட்டது. பாயசம் அண்டாவோடு அப்படியே இருந்தது.

ஏமாந்தது போதும், இந்த ஊர்ப் பேச்சு எனக்குத் திரும்பிவிட்டது, இனி யாரும் என்னை ஏய்க்க முடியாது என்று அப்போதுதான் முடிவு செய்திருந்தேன். ஆகவே அந்த வாக்கியத்தை முறையாகப் பிரித்துப் பொருள் கொண்டேன். இது நக்கல். பெண் மெதுவாக வரட்டும் என்றால் வரவே வேண்டாம் என்று அர்த்தம். சம்பந்தம் முறிந்தது. அக்காவும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள் போலிருந்தது, பின்பக்கம் போய்ப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தாள். அந்தச் சத்தத்தில் ஒவ்வொரு பாத்திரமும் என் மண்டைதான். ஜாஸ்மின் மட்டும் சுருண்டு கிடந்த ஷாமியானாவின்மேல் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அதிர்ச்சியில் புத்தி பேதலித்துவிட்டது என்று அவளுக்குத் தண்ணீர் தெளித்தேன். "மாமா, பட்டுப்பொடவ மாமா!" என்று கத்தினாள். அதையும் கெடுத்தேன்.

விமானத்தை மாற்ற முடியவில்லை. வேறு வழியில்லாமல் வீரனாகி, பஸ் பிடித்துப் பண்ருட்டிக்குப் போனேன். வழிநெடுக மன்னிப்புப் பேச்சு ஒத்திகை. காலில் விழுவதென்றால் பேசிவிட்டு விழுவதா, விழுந்துவிட்டுப் பேசுவதா என்பது பஸ் பண்ருட்டி வரும்வரை தீரவில்லை. மண்டி வாசலில் ஒரு லாரி. பலாப்பழம் இறங்கிக்கொண்டிருந்தது. காலையில் பட்டுவேட்டியில் கூச்சப்பட்டு நின்ற மாப்பிள்ளை லுங்கியோடு தோளில் பழத்தைச் சுமந்துகொண்டு போனான். பிலோமினா அம்மா அதே பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பலாப்பால் ஒட்டாமலிருக்கக் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"வாங்க சம்மந்தி. மெஷின் எங்க?"

நான் விழுவதற்கு இடம் தேடிக்கொண்டிருந்தேன். சாக்குகளுக்கு நடுவில் இடமில்லை. "அம்மா, நடந்தது எல்லாம் என் தப்பு. புள்ளய மட்டும்..."

"எந்தப் புள்ள?"

"பொண்ணு மெதுவா வரட்டும்னு சொன்னீங்களே. நக்கலாத்தான சொன்னீங்க?"

அவர் என்னை ஒரு பழத்தைத் தட்டிப் பார்க்கிற மாதிரி பார்த்தார். "நக்கல் பண்ண எனக்கு எங்கங்க நேரம்? லோடு வந்து நின்னுகினு இருக்குன்னு போனு. கெளம்பி வந்துட்டன். கல்யாணம் புதன்கிழமதான, பொண்ணு அன்னிக்கி வந்தாப் போதும். மெஷினுக்கு எதுக்கு முகூர்த்தம்?" பின்னால் மலைபோல் கிடந்த கோணிச்சாக்குகளையும் தார்ப்பாய்களையும் காட்டினார். "இத்தினியும் பலாப்பாலு. தொவச்சிடுவாளுங்க, பிழியறதுக்குத்தான் ரெண்டு ஆளு வேணும், ஒருத்தி ஒருத்தியத் தள்ளிவுட்டுச் சண்ட போட்டுக்கினு இருப்பாளுங்க. உங்க மெஷினு எம்மாம் அழகா பிழியுது! முந்தானயப் பாருங்க, இஸ்திரி போட்ட மாதிரி!"

"அதுக்குள்ள நீங்க எப்படிம்மா அத நிறுத்துனீங்க?"

"நான் எங்க நிறுத்துனன்? கோவத்துல அந்தச் செவப்பப் பாத்து ஒரு அடி வச்சன். வாயத் தொறந்துடுச்சு." அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "அது சரி, உங்க ஊருல எதுக்குங்க எல்லாரும் சேந்து பந்தல இழுத்துப் போட்டாங்க? ஏதாவது சாங்கியமா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். மைன்ஸ்காரர்கள் வீட்டு நிச்சயத்தில் அப்படித்தான், பந்தல் விழுந்தால் பெண் நிலைத்து வாழ்வாள் என்று. அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். திரும்பிப் போகும்போது, மெஷினை ஏற்றிவர, பழம் இறக்கிய லாரியையே என்னோடு அனுப்பினார். நானும் டிரைவருக்குப் பக்கத்தில், மடியில் ஒரு பலாப்பழத்தோடு, வெற்றி வீரனாக நெய்வேலிக்குள் நுழைந்தேன். ஜாஸ்மின் கேட்டில் நின்று லாரியை மறித்தாள். "அது எனக்குச் செஞ்ச சீரு. எங்க மாமியாருக்கு நானேதான் குடுப்பேன். வாரத்துல ஒரு நாளு என் துணிக்கு, பேசி வைங்க." அக்கா அப்போதுதான் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

நடந்தது இவ்வளவுதான். லோடு வந்திருந்தது, அந்த அம்மா போனார், சொன்னதைத்தான் சொன்னார். கல்யாணம் புதன்கிழமை கோயிலில் நடந்தது. மெஷின் பண்ருட்டியில் மண்டிக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நிற்கிறது, சாக்கு பிழிகிறது. மறுவீட்டு விருந்துக்குப் போனபோது பிலோமினா அம்மா ஓட்டிக் காட்டினார். எனக்கு மனசு கேட்காமல், "அங்க இன்னும் கொஞ்சம் வேகமா சுத்தும்மா" என்றேன். "இங்க இது போதும்ங்க" என்றார். கை வைத்துப் பார்த்தேன். மோட்டார் வெதுவெதுப்பாக இருந்தது.

இன்று காலை விருந்தாளிகள் எல்லாரும் போன பிறகு, சமுக்காளமும் போர்வையுமாக ஒரு குவியல் மிஞ்சியது. பிழிய மெஷின் இல்லை. அக்கா ஒரு முனையை எடுத்துக்கொண்டு, "அமலு, அந்தப் பக்கம் புடி" என்றாள். அவள் வலப்பக்கம் முறுக்கினாள், நான் இடப்பக்கம் முறுக்கினேன். தண்ணீர் கொட்டியது. முறுக்கு உச்சத்துக்கு வந்தது, என் விரல்கள் பழைய ஞாபகத்தில் மெல்லத் தளர்ந்தன, அவளை நிமிர்ந்து பார்த்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு முன்னால் அவள் விட்டுவிட்டாள். நான் சேற்றில் உட்கார்ந்தேன். என் முனை என் கையிலேயே இருந்தது.